தலைக்காசு: மன்னார்க் கரையில் ஒரு தரகின் கதை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரொறன்ரோவிலிருந்து என் தமையனாரின் மகன் தொலைபேசியில் அழைத்திருந்தான். பகலில் அலுவலகம் ஒன்றில் வேலை. இரவில் சமையற்குறிப்புகளுக்கென ஓர் இணையத்தளம் நடத்துகின்றான். இடியப்ப உரல், அரைக்கும் இயந்திரம், இரும்புத் தாச்சி என்று தான் குறிப்பிடும் பொருள் ஒவ்வொன்றின் கீழும் ஒரு கடையின் இணைப்பை வைத்திருக்கின்றான். வாசகர் எவரேனும் அந்த இணைப்பைத் தொட்டுக் கடைக்குள் சென்று பொருளை வாங்கினால், விலையில் நூற்றுக்கு இவ்வளவு என்று இவனுக்கு ஒரு தொகை வந்துசேரும். பொருள் இவனுடையதல்ல, கடையும் இவனுடையதல்ல. ஆளை அனுப்பியவன் இவன் என்பதற்கான கூலி மட்டுமே அது. என் கட்டுரைகளுக்குக் கீழேயும் புத்தகக் கடையொன்றின் இணைப்புகளை வைத்தால் மாதச் செலவுக்காவது ஏதேனும் கிடைக்கும் என்பது அவனது யோசனை.

"ஆளை அனுப்பினது நான்தான் எண்டு கடைக்காரனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"இணைப்பின்ர வாலில எங்கட நம்பர் இருக்கும் சித்தப்பா. அந்தத் துண்டை ஒட்டிவிட்டால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்" என்றான்.

அமேசன் நிறுவனம் 1996ஆம் ஆண்டில் இம்முறையைத் தொடங்கியபோது அது புத்தகம் விற்கும் சிறு கடையாகவே இருந்தது. ஊர் பேர் தெரியாத எத்தனையோ தளங்கள் அதற்கு ஆள் பிடித்துக் கொடுத்தன. அங்கே ஒரு விதி உண்டு. நீங்கள் அனுப்பிய ஆள், பொதுவாக, இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் பொருளைத் தெரிவுசெய்தால்தான் உங்களுக்குக் கூலி. அதன்பின் அந்த ஆளுக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை. இந்த விதியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். கட்டுரையின் நடுவில் மீண்டும் அதற்கு வருவேன்.

தொலைபேசியை வைத்த பின்னரும் "துண்டு" என்ற சொல் என்னை விட்டுப் போகவில்லை. இலங்கைத் தமிழரின் வரலாற்றில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது. ஆளைச் சேர்த்துவிட்டவனுக்குக் கூலி, ஆளின் கழுத்தில் எண், ஆளின் பெயரில் கடன் என்ற மூன்றும் மின்னஞ்சலோ கணினியோ இல்லாத காலத்தில் எங்கள் மன்னார்க் கரை வழியாகவே நாட்டுக்குள் வந்தன.

மன்னார்த் தீவைக் கண்டிராதவர்களுக்குச் சில வார்த்தைகள். பெருநிலத்திலிருந்து பாலத்தால் இணைக்கப்பட்ட ஒடுங்கிய மணல் தீவு அது. கிழக்கு முனையில் கோட்டையும் மன்னார் நகரமும். மேற்கு முனையில் தலைமன்னார். அங்கிருந்து இராமர் அணை எனப்படும் மணல் திட்டுகள் தனுஷ்கோடியை நோக்கிச் செல்கின்றன. இடையிலுள்ள கடல் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். தெற்கே, பெருநிலக் கரையோரமாக அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்கள் முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்றவை.

அந்த முத்துக்குளிப்பிலும் எவரும் மாதச் சம்பளத்துக்கு உழைக்கவில்லை. பிரித்தானியர் ஆட்சியின் பிற்பகுதியில், நாள் முடிவில் கரைக்கு வந்த சிப்பிகள் மூன்று குவியல்களாக்கப்படும்; இரண்டு அரசுக்கு, ஒன்று படகுக்கு. அரசின் சிப்பிகள் அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் போகும். சுறா கடிக்காதபடி மந்திரம் சொல்லிக் காத்த "கடல்கட்டி"க்கும் சிப்பியாகவே பங்கு கொடுக்கப்பட்டது. அவரின்றிக் குளிகாரர் கடலில் இறங்க மறுத்தனர் என்பதால் அரசாங்கமும் அவரை ஏற்றுக்கொண்டிருந்தது. பங்கைப் பெற்றவன் அதை அன்றிரவே விற்றுவிடலாம். மறுநாள் புதுக் கணக்கு. பார் வளம் குன்றியபோது எல்லோருக்கும் ஒன்றாகவே குன்றியது. 1906இல் இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்த கம்பனி 1907க்குப் பின்னர் சிப்பியே இல்லாமல் நொடித்துப்போனதும் இதே கரையில்தான்.

ஆனால் பங்கு வேறு, தரகு வேறு. தரகின் கதை கோப்பியோடு தொடங்குகின்றது.

1820களிலும் 30களிலும் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டன. காட்டை வெட்டவும் பழம் பறிக்கவும் ஆள் வேண்டும். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் மாவட்டங்களின் ஊர்களிலிருந்து மக்கள் தேவிபட்டினம், தொண்டி, பாம்பன் வரை நடந்து வந்து, பாய்மரத் தோணிகளில் ஏறித் தலைமன்னாரிலும் அருகிலுள்ள கரைகளிலும் இறங்கினர். அங்கிருந்து மீண்டும் நடை. மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று சென்ற அந்தப் பாதையை ஆங்கிலேயர் வடக்குப் பாதை என்றனர். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஏறக்குறைய 250 கிலோமீற்றர். வழியெங்கும் வரண்ட காடு. குடிநீர் கிடைத்த இடத்தில் வாந்திபேதியும் கிடைத்தது. தங்கிய இடத்தில் மலேரியா. நோயில் விழுந்தவரைக் கூட்டம் காத்திருந்து அழைத்துச் செல்ல முடியவில்லை.

எத்தனை பேர் இறந்தனர்? பத்திரிகைக்காரன் என்ற முறையில் இந்த இடத்தில் சற்றுத் தயங்குகின்றேன். 1849ஆம் ஆண்டில் கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை, 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர், அதாவது வந்தவர்களில் நான்கில் ஒருவர், மடிந்திருக்கலாம் என்று எழுதியது. பின்வந்த ஆய்வாளர்களில் சிலர் இது மிகை என்றனர். திரும்பிப் போனவர்களின் கணக்கு ஒழுங்காக வைக்கப்படாததால், ஊருக்குப் போனவனும் இறந்தவனும் ஒரே நெடுவரிசையில் விழுந்திருக்கக்கூடும் என்பது அவர்களது வாதம். எண்ணை நான் ஒதுக்கிவைக்கின்றேன். தன் நாட்டுக்குள் வந்த மனிதரில் எத்தனை பேர் உயிரோடு இருக்கின்றனர் என்று சொல்ல அன்றைய அரசாங்கத்திடம் ஏடு இல்லை என்பதே எனக்குப் போதுமான செய்தி. ஏற்றுமதியான கோப்பி அந்தர் அந்தராக எழுதிவைக்கப்பட்டிருந்தது.

இந்தப் பயணத்தின் தலைவன் கங்காணி. கண்காணி என்ற நல்ல தமிழ்ச் சொல்லின் திரிபு. தோட்டத்துத் துரை அவனிடம் முன்பணத்தைக் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். அவன் தன் சொந்தக் கிராமத்துக்கே போவான். தலைப்பாகை, கோட்டு, கையில் வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு என்று அவன் வந்து நிற்பதே ஒரு விளம்பரம். மச்சான், மாமன், பங்காளி, ஒரே சாதி, ஒரே தெரு என்று அவனால் அழைக்கப்பட்டவர்கள் அவனை நம்பியே புறப்பட்டனர். இன்று இணையத்தில் ஒரு பொருளை நண்பர் பரிந்துரைத்தால் நாம் நம்புவது போல என்று சொல்லலாம். வேறுபாடு யாதெனில், இங்கே பொருளாக விற்கப்பட்டவர் அந்த நண்பரின் உறவினரே.

புறப்படும் முன்னரே கடன் தொடங்கிவிடும். ஊரில் உள்ள பழைய கடனை அடைக்க, தோணிக்கு, வழிச் சோற்றுக்கு, பெண்பிள்ளைக்கு ஒரு சேலைக்கு என்று கங்காணி செலவழித்ததெல்லாம் அவரவர் பெயரில் எழுதப்பட்டது. செலவழித்தது எவ்வளவு, எழுதியது எவ்வளவு என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படிச் சரிபார்ப்பது? வழியில் இறந்தவரின் கடன் அவருடன் போகவில்லை; உயிரோடு வந்த மனைவியின் மீதோ தமையனின் மீதோ ஏறியது.

கோப்பிக் காலத்தில் இதற்கு ஓர் எல்லை இருந்தது. கோப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பலர் அதே வடக்குப் பாதையால் மன்னாருக்கு நடந்து ஊர் திரும்பினர். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பி ஒழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவமில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். குடும்பமாக வந்து லயங்களில் தங்க வேண்டும். ஆகவே கங்காணியின் வருமானமும் வேறுவிதமாக அமைந்தது.

தலைக்காசு என்பது அதன் பெயர். கங்காணி சேர்த்த ஆட்களில் அன்று எத்தனை பேர் பெரட்டுக்களத்துக்கு வந்து வேலைக்குப் பெயர் கொடுத்தனரோ அத்தனை தலைக்கும் சில சதங்கள் கங்காணியின் கணக்கில் விழும். பெரிய கங்காணிக்கு ஒரு வீதம். அவனுக்குக் கீழே, தன் குடும்பத்தையும் உறவையும் பத்துப் பதினைந்து பேராக வைத்திருந்த சில்லறைக் கங்காணிக்கு வேறொரு வீதம். அன்றைய நிலையை விளங்கிக்கொள்ள ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தலைக்கு இரண்டு சதம் என்றே வைத்துக்கொள்வோம். நூறு பேர் வேலைக்கு இறங்கினால் கங்காணிக்கு அன்று இரண்டு ரூபாய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர் ஆணின் நாட்கூலி அண்ணளவாக 33 சதம். மண்வெட்டியைத் தொடாமலே ஆறு ஆண்களின் கூலி.

இப்போது அமேசனின் இருபத்துநான்கு மணித்தியால விதியை நினைத்துப் பாருங்கள். ஆளைக் கொண்டுவந்து சேர்த்ததற்கு ஒரு தடவை கூலி கொடுத்து முடித்திருந்தால் கங்காணி அந்த ஆளை அத்தோடு மறந்திருப்பான். இங்கே கூலி நாள்தோறும் கிடைத்தது. ஆள் எழும்பி நடக்கும் வரை கிடைத்தது. ஆள் எழும்பாத நாளில் கிடைக்கவில்லை. காய்ச்சலில் படுத்தவன், பிள்ளை பெற்று மூன்றாம் நாளிலிருக்கும் பெண், தகப்பனின் சாவுக்கு அழுதுகொண்டிருப்பவன் என்று எவர் வீட்டில் நின்றாலும் கங்காணிக்கு நட்டம். விடியற்காலைத் தப்பொலிக்குப் பின்னர் லயத்துக் கதவுகளைத் தட்டிய கம்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. மலையகத்து நாட்டார் பாடல்களில் கங்காணி ஏன் அத்தனை வசவு வாங்குகின்றான் என்பதற்கும் இதுவே காரணம் என எண்ணுகின்றேன்.

கங்காணியைக் கொடியவன் என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. பலரும் அப்படித்தான் எழுதியுள்ளனர். ஆனால் அவனும் கடனாளியே. துரைக்கோ, செட்டியாருக்கோ, இருவருக்குமோ கடன்பட்டவன். மொழி தெரியாத துரைக்கும் லயத்துக்கும் நடுவில் நின்று, சில வேளைகளில் தன் ஆட்களுக்காக வாதாடியவனும் அவனே. கலியாணம், காது குத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் முன்நின்றவனும் அவனே. ஒரே மனிதனிடம் மாமன் உறவும் தலைக்காசும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன என்பதுதான் பிரச்சினை. மாமன் சொல்லைத் தட்டுவது எப்படி?

இனித் துண்டுக்கு வருகின்றேன்.

ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்துக்குப் போக விரும்பும் கங்காணிக்கு, அத்தோட்டத்துத் துரை ஒரு கடதாசித் துண்டை எழுதிக் கொடுப்பார். "இந்தக் கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், அவர்கள் எனக்கு இவ்வளவு ரூபாய் கடன், அதைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்பேன்" என்பது அதன் கருத்து. தேயிலைத் தோட்டங்கள் பெருகி, ஆட்களுக்குப் போட்டி ஏற்பட்டபோது இந்தக் கடதாசிக்குச் சந்தை உண்டாயிற்று. மீண்டும் ஓர் உதாரணக் கணக்கு: துண்டில் உள்ள கடன் மூவாயிரம் ரூபாய் என்போம். கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய் நாலாயிரம் கேட்கின்றான். ஆள் பஞ்சத்தில் இருக்கும் அந்தத் துரை கொடுக்கின்றார். பழைய தோட்டத்துக்கு மூவாயிரம் போகின்றது. மிகுதி ஆயிரம் கங்காணியின் மடியில். ஆனால் நாலாயிரமும் ஆட்களின் பெயரிலேயே எழுதப்படுகின்றது. அவர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த மலைக்கு நடக்கின்றனர். நடந்ததனால் கடன் கூடுகின்றது. இரண்டாண்டு கழித்து மீண்டும் ஒரு துண்டு.

இந்தியாவிலிருந்து பிஜிக்கும் மொரிஷியசுக்கும் போனவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டப்பட்டனர். இலங்கைக்கு வந்தவர்களுக்கு அத்தகைய ஒப்பந்தம் இல்லை; மாத முன்னறிவித்தலுடன் விலகலாம் என்றே சட்டம் சொன்னது. அதனால் இங்கே வந்தவர் சுதந்திரத் தொழிலாளர் என்று அக்காலத்துத் தோட்டக்காரர்கள் பெருமையாக எழுதினர். துண்டு இருக்கும்போது ஒப்பந்தம் எதற்கு? கடனோடு ஓடியவனைப் பிடித்துச் சிறையில் அடைக்க 1865ஆம் ஆண்டின் வேலை ஒப்பந்தச் சட்டமும் கைவசம் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் அச்சத்தால் வடக்குப் பாதை மூடப்பட்டது. தொழிலாளர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டு, ராகமை முகாமில் தடுத்துவைக்கப்பட்டுத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். சில காலம் மன்னார்க் கரை ஓய்ந்திருந்தது. அதே காலத்தில்தான் தோட்டக்காரருக்கு ஒரு தொல்லை தீர்வு கண்டது. பயணத்துக்கென்று கொடுத்த முன்பணத்தைக் கங்காணி வழியில் விழுங்கிவிடுகின்றான். அல்லது ஒரு தோட்டத்தின் பணத்தில் ஆளைக் கொண்டுவந்து மறு தோட்டத்துக்குக் கொடுத்துவிடுகின்றான். இதற்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து தகரத் துண்டு.

சிறிய தகரம். அதில் மாவட்டத்தைக் குறிக்க ஓர் எழுத்து, தோட்டத்தைக் குறிக்க ஓர் எண், ஆளைக் குறிக்க இன்னோர் எண். மேலே ஒரு துளை. நூலில் கோத்துக் கழுத்தில் போட வேண்டும். தோட்டத்திலிருந்து கங்காணி ஒரு கட்டுத் தகரங்களுடன் ஊருக்குப் போவான். சேர்த்த ஆள் ஒவ்வொருவருக்கும் ஒன்றை மாட்டிவிடுவான். முகாமிலும் கப்பலிலும் ரயிலிலும் கேட்பது அந்த எண்ணை மட்டுமே. சோறு, தங்குமிடம், பயணச் சீட்டு ஆகியவற்றின் செலவு அந்த எண்ணின்படி உரிய தோட்டத்துக்குக் கணக்கெழுதப்படும். தோட்டம் அதனைத் தன் ஏட்டில் இறக்கிக்கொள்ளும். ஆள் எங்கே புறப்பட்டான், எவரால் அனுப்பப்பட்டான், எவருக்கு உரியவன் என்பதெல்லாம் ஒரு தகரத்தில் அடங்கிவிட்டது. என் தமையனார் மகன் சொன்ன "வாலில இருக்கிற நம்பர்" இதே வேலையைத்தான் செய்கின்றது என்பதை வாசகர் இதற்குள் கண்டிருப்பர்.

1904இல் தோட்டக்காரர்கள் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தை நிறுவி ஆள் சேர்ப்பை ஒழுங்குபடுத்தினர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தலைமன்னாருக்கு ரயில் பாதையும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் சேவையும் வந்தன. வரண்ட காட்டில் நாட்கணக்கில் நடந்த தூரம் ஓர் இரவு ரயில் பயணமாயிற்று. மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்துவைத்து, அம்மை குத்தி, தகரத்தைச் சரிபார்த்து, கப்பலேற்றினர். கொழும்புத் தமிழரும் யாழ்ப்பாணத்தாரும் போட் மெயில் என்று அன்போடு நினைவுகூரும் அதே ரயிலில்தான் அவர்களும் வந்தனர், வேறு பெட்டிகளில். எங்கள் தலைமுறைப் பெரியவர்களின் போட் மெயில் நினைவுகளில் அந்தப் பெட்டிகள் பற்றிய பேச்சே வருவதில்லை. நானும் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெறும் வரை அவை பற்றி அறியாதவனாகவே இருந்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

துண்டுக் கடன் இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபதாண்டுகளில் பூதாகரமாக வளர்ந்தது. 1908இல் இலங்கை அரசு நியமித்த தொழிலாளர் ஆணைக்குழு அதனை ஆராய்ந்தது. 1917இல் சென்னை அரசுக்காக மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் இலங்கை, மலாயா தோட்டங்களைப் பார்வையிட்டு அறிக்கை கொடுத்தனர். கொழும்பில் பொன்னம்பலம் அருணாசலம், தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் சட்டப் பிரிவுகளுக்கு எதிராகக் குரல் எழுப்பினார். தோட்டக்காரரும் துண்டை வெறுக்கத் தொடங்கியிருந்தனர். மனிதாபிமானம் காரணமன்று, முன்பணமாக முடங்கிக் கிடந்த தொகை அவர்களுக்கே தாங்கமுடியாததாகிவிட்டது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் பிரிவுகளும் அடுத்து நீக்கப்பட்டன. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பின்னர் உரிமம் இல்லாமல் கங்காணி ஆள் சேர்க்க முடியாது என்றாயிற்று. தலைக்காசு மட்டும் உடனே போகவில்லை.

இந்த இடத்தில் என் தொழிலின் மூதாதை ஒருவரைக் குறிப்பிடாமல் செல்ல முடியாது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளின் ஆசிரியர். தோட்டங்களுக்குள் வெளியார் நுழைவதற்குத் தடை இருந்த காலத்தில், புடவை வியாபாரிபோல மூட்டை சுமந்து லயங்களுக்குள் சென்று நிலைமையை அறிந்துவந்தார் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுகின்றது. 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்கான தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். அவரது மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டெழுதிக் கூட்டங்களில் பாடினார். அவர்களுக்குக் கிடைத்த முதல் எதிர்ப்பு துரைமாரிடமிருந்து வந்தது போலவே பெரிய கங்காணிகளிடமிருந்தும் வந்தது. ஆள் ஒவ்வொருவரும் தனித்தனியே கூலியைக் கையில் வாங்கி, தனித்தனியே சங்கத்தில் சேர்ந்தால், தலை எண்ணிக் காசு வாங்குபவனுக்கு என்ன மிஞ்சும்?

1939 ஆகஸ்ட் முதலாந் திகதி இந்திய அரசு, இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதற்குத் தடை விதித்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்த ஆள் சேர்ப்பு அத்தோடு நின்றது. பின்னர் நடந்தவை வாசகர் பலரும் அறிந்தவையே. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; எஞ்சிய ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தது. அந்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் முடியும் முன்னரே டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. ஆகவே திரும்பிப் போனவர்களை ஏற்றிய கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடியது. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மக்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்றனர். தாத்தன் தகரத்தோடு இறங்கிய துறையில் பேரன் குடும்ப அட்டையோடு ஏறினான். மறுகரையில் அவனை ஏற்றுக்கொண்டதும் அதே மண்டபம் முகாம். 1983க்குப் பின்னர் எங்கள் பக்கத்து அகதிகளும் அங்கேதான் போய் இறங்கினர்.

போகாதவர்களில் ஒரு பகுதியினர் 1970களின் பஞ்சத்திலும் 1977 வன்செயலிலும் மலையை விட்டு வவுனியாவுக்கும் மன்னார்ப் பெருநிலத்துக்கும் வந்து குடியேறினர். தங்கள் முன்னோர் நடந்த வடக்குப் பாதையின் ஓரத்திலேயே கொட்டில் போட்டனர் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

2023 ஜூலை 28ஆம் திகதி, மலையகத் தமிழர் வந்து இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் தொடங்கியது. ஆகஸ்ட் 12ஆம் திகதி முடிந்தது. செய்தி சேகரிக்கச் சென்ற நான் இரண்டு நாட்கள் அவர்களோடு நடந்தேன். ஐம்பது வயதைக் கடந்த கால்களுக்கு அவ்வளவே முடிந்தது. கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் மர நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்தபோது, தோட்டத்திலிருந்து வந்திருந்த எழுபது வயதளவான அம்மா ஒருவர், சேலை முந்தானையில் முடிந்திருந்த ஒன்றை அவிழ்த்துக் காட்டினார். விளிம்பு துருவேறிய வட்டத் தகரம். ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் மங்கலாகத் தெரிந்தன.

"எங்க பாட்டனோடது ஐயா. சாகுற வரைக்கும் பெட்டிக்குள்ள வச்சிருந்தாராம்" என்றார். நான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்ன தேடுகின்றேன் என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "பேரு இதுல இல்லங்கய்யா. நம்பர்தான்."

"அம்மாவுக்கு அவருடைய பேர் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியும் என்றார், சொன்னார். ஊர் பெயர் தெரியவில்லை. திருச்சிப் பக்கம் என்பார்களாம். அவரைக் கூட்டிவந்த கங்காணியின் பெயர் மட்டும் ஊர், தகப்பன் பெயர், சாதி சகிதம் அந்தக் குடும்பத்துக்கு இன்றும் நினைவிருக்கின்றது. உறவு முறையில் அவர் பாட்டனுக்கு மாமன்.

ரொறன்ரோக்காரனுக்கு இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "நான் ஆக்களை விக்கேல்லையே சித்தப்பா, இடியப்ப உரல்தானே" என்றான். நியாயமான பேச்சு, அவனுடைய வாசகர் ஒருவரும் அவனுக்குக் கடன்பட்டவரல்லர், பிடிக்காவிட்டால் பக்கத்தை மூடிவிட்டுப் போகலாம். அவன் தொழிலைக் குறைசொல்ல எனக்கு எதுவுமில்லை. புத்தகக் கடை இணைப்பைப் பற்றி மட்டும் இன்னும் முடிவு சொல்லவில்லை.

தகரத் துண்டுகள் சில தொகுப்பாளர்களிடமும் குடும்பங்களிடமும் இருக்கின்றன. நான் இதுவரை நேரில் காணாதது அந்தப் பழைய கடதாசித் துண்டு. ஆட்களின் எண்ணிக்கையும் கடன் தொகையும் துரையின் கையெழுத்தும் கொண்ட ஒரு துண்டு, பெரிய கங்காணி வழிவந்த குடும்பங்கள் எதனிடமேனும், இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ புலம்பெயர் நாடுகளிலோ, பெட்டிக்கடியில் கிடக்கக்கூடும். வைத்திருப்பவர்கள் அதன் படமொன்றை எனக்கு அனுப்பிவைத்தால் நன்றியுடையவனாவேன். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிடமாட்டேன்.